ஆலோசனைப் பெட்டியில் சீட்டே விழுவதில்லை, என்ன செய்யலாம்?

பேக்கிங்லைன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கிறேன். மூன்று ஷிஃப்டும் சேர்த்து 38 பேர். போன வருடம் நிர்வாகம் ஆலோசனைப் பெட்டி ஒன்றை மாட்டியது. முதல் மாதம் 43 சீட்டு விழுந்தது. அடுத்த மாதம் 11. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "நம்ம ஆட்களுக்கு யோசிக்கிற பழக்கமே இல்லை, நீங்கள்தான் ஊக்கப்படுத்த வேண்டும்" என்கிறார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. காரணம் சொல்கிறேன்.

லைன் 2-ல் அட்டைப்பெட்டி திரும்பும் இடத்தில் பெட்டியின் மடல் கம்பியில் மாட்டிக்கொண்டு லைனே நின்றுவிடும். ஒரு ஷிஃப்டில் ஏழெட்டு முறை நடக்கும். ஒருவர் வேலை பார்க்கும் ஷிஃப்டில் மட்டும் நிற்பதில்லை. போன வாரம் பக்கத்தில் நின்று பார்த்தேன். பழைய பிளாஸ்டிக் பட்டை ஒன்றை விரல் நீளத்துக்கு வெட்டி, வழிகாட்டிக் கம்பியின் முனையில் டேப் சுற்றி ஒட்டியிருக்கிறார். மடல் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. ஷிஃப்ட் முடிந்ததும் பட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஏன் சொல்லவே இல்லை என்று கேட்டேன். "சொன்னால், யாரைக் கேட்டு மாட்டினாய் என்பார்கள் சார்" என்றார். எவ்வளவு நாளாக என்றேன். ஒன்றரை வருடமாம்.

ஒன்றரை வருடமாக ஒரு நல்ல யோசனை ஒருவர் சட்டைப்பையில் வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே நான் நின்றிருக்கிறேன். உங்கள் இடங்களில் என்ன செய்தீர்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று சொல்லுங்கள்.

பட்டறைக்காலம்

தம்பி, முதல் கேள்வி: பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது? கடைசியாக எப்போது திறந்தார்கள்?

நான் இயந்திரப் பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பெட்டியில் நானும் ஒருமுறை எழுதிப் போட்டேன். துளையிடும்போது பொருளைப் பிடித்துக்கொள்ளும் ஜிக்கில் ஒரு முளையை இடம் மாற்றினால், ஒவ்வொரு முறையும் அளந்து பார்க்க வேண்டியதில்லை. படம் வரைந்தே போட்டேன். எட்டு மாதம் பதில் இல்லை. ஒருநாள் அதே மாற்றத்தோடு புது ஜிக் வந்தது. வடிவமைப்புப் பிரிவு பொறியாளர் ஒருவருக்குப் பாராட்டுச் சான்றிதழும் கொடுத்தார்கள். அவரே தனியாக யோசித்திருக்கலாம், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் என் சீட்டு என்ன ஆனது என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பதினொரு வருடம் நான் எழுதவே இல்லை. அந்தப் பதினொரு வருடத்தில் எனக்கு யோசனை வராமலா இருந்திருக்கும்?

சாவியைப் பற்றி ஏன் கேட்டேன் என்றால், இந்தப் பெட்டிக் கதை ரொம்பப் பழையது. ஜப்பானில் 1721-ல் அன்றைய ராணுவ ஆட்சித் தலைவர் (ஷோகன்) தொகுகாவா யோஷிமுனே பொதுமக்களுக்காக ஒரு பெட்டி வைத்தார். பூட்டியபடியே அவரிடம் கொண்டுபோவார்கள், அவரே திறந்து படிப்பார். ஏழைகளுக்கு இலவச மருத்துவமனை வேண்டும் என்று ஒரு மருத்துவர் எழுதிப் போட்டார். அடுத்த வருடமே, 1722-ல், இன்றைய டோக்கியோவின் கொய்ஷிகாவா பகுதியில் மருத்துவமனை எழுந்துவிட்டது. போட்ட சீட்டுக்கு ஒரு வருடத்துக்குள் கண்ணெதிரே பதில். உங்கள் பெட்டியில் எத்தனை சீட்டுக்குப் பதில் போயிருக்கிறது?

பேக்கிங்லைன்

ஐயா, சாவி மனிதவளப் பிரிவில் இருந்தது. நீங்கள் கேட்ட பிறகு இன்று போய் வாங்கித் திறந்தேன். உள்ளே ஒரே ஒரு சீட்டு: "மூன்றாவது ஃபேன் ஓடவில்லை." தேதி போட்டிருந்தது. நான்கு மாதத்துக்கு முந்தியது. ஃபேன் இன்னும் ஓடவில்லை.

முந்தைய 54 சீட்டும் ஒரு கோப்பில் அப்படியே இருக்கின்றன. ஒன்றுக்கும் பதில் போகவில்லை.

மனிதவளத்திலிருந்து

அந்தக் கோப்பு எப்படி உருவாகிறது என்று நான் சொல்கிறேன், ஏனென்றால் என் மேசையிலும் அப்படி ஒன்று இருந்தது. திட்டம் தொடங்கும்போது பேனர், உரை எல்லாம் இருக்கும். சீட்டுகள் வந்து குவியும். அவற்றைப் பார்க்க ஒரு குழு. குழுவில் ஐந்து பிரிவுத் தலைவர்கள். ஐந்து பேரும் ஒரே நாளில் கிடைக்கும் தேதி மாதம் ஒருமுறை, அதுவும் தள்ளிப்போகும். ஒரு கூட்டத்தில் ஏழு சீட்டு பேசி முடிந்தால் பெரிய விஷயம். மீதி கோப்புக்குப் போய்விடும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனால் எழுதியவருக்குத் தெரிவது மௌனம் மட்டும்தான்.

நாங்கள் பிறகு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். வந்தவற்றில் பெரும்பாதி, அந்தந்தப் பிரிவுக்குள்ளேயே முடியக்கூடிய சின்ன விஷயம். ஸ்பானரை இந்தப் பக்கம் மாட்டலாம், இந்தப் படிவத்தில் ஒரே எண்ணை இரண்டு முறை எழுதுகிறோம், இப்படி. இதற்கு எதற்குக் குழு? அதனால் ஒரு வரம்பு வைத்தோம். செலவு சிறியது, பாதுகாப்பையும் தரத்தையும் தொடாதது, வேண்டாமென்றால் மறுநாளே பழையபடி மாற்றிவிடலாம் என்றால், சூப்பர்வைசரே அன்றைக்கே "சரி, செய்யுங்கள்" என்று சொல்லலாம். யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டாம். மற்றவை மட்டும்தான் மேலே போகும். அவற்றுக்கும் ஏழு நாளுக்குள் ஒரு பதில் போக வேண்டும், அது "இன்னும் பார்க்கிறோம், இவர் கையில் இருக்கிறது" என்ற பதிலாக இருந்தாலும் சரி.

பேக்கிங்லைன், உங்களுக்கு இப்போது அந்த அதிகாரம் இருக்கிறதா? இல்லையென்றால் மேலாளரிடம் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இரவுப்பணி_செவிலி

நான் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு இது உயிர் விஷயம்.

எங்கள் வார்டில் ஒரே அளவு, ஒரே நிற மூடி கொண்ட இரண்டு மருந்துக் குப்பிகள் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்துக் குழியில் இருந்தன. புதிதாக வந்த செவிலி ஒருத்தி, இரண்டாவது நாளே, "அக்கா, இதைத் தனித்தனித் தட்டில் வைக்கலாமே" என்றாள். பொறுப்பில் இருந்தவர், "எழுத்தைப் படித்துவிட்டு எடுக்க வேண்டியதுதானே" என்று சொல்லிவிட்டார். அவள் அப்புறம் வாயே திறக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, விடியற்காலை நான்கு மணிக்கு, அனுபவமுள்ள ஒருவர் கை தவறான குப்பியை எடுத்துவிட்டது. ஊசியில் ஏற்றும் முன் கவனித்துவிட்டார். மறுநாள் தட்டுகள் பிரிந்தன. அந்தப் புதுப்பெண்ணிடம் யாரும் "நீ அன்றைக்கே சொன்னாயே" என்று சொல்லவில்லை. நான் சொன்னேன். அவள் அழுதுவிட்டாள்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்து 1996-ல் எழுதினார். நன்றாக நடக்கும் குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போனார். கணக்கு எதிர்ப்பக்கமாக வந்தது: நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. தோண்டிப் பார்த்தால், அங்கே ஆட்கள் பயமில்லாமல் சொல்கிறார்கள், மற்ற இடங்களில் மறைக்கிறார்கள். பயமில்லாமல் பேச முடிகிற சூழல் பற்றிய அவருடைய பிந்தைய ஆராய்ச்சிக்கு அதுதான் தொடக்கம்.

உங்கள் ஆள் பட்டையைச் சட்டைப்பையில் ஒளித்ததும் அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டதும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

நேர்கணக்கு

எல்லோரும் மனசு, மரியாதை என்றே பேசுகிறீர்கள். பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. லைன் நிற்காமல் ஓடினால் நிறுவனத்துக்கு லாபம். அந்த லாபத்தில் பங்கு கொடுங்கள், யோசனை தானாக வரும். கோடாக் நிறுவனம் 1898-லேயே ஆலோசனைக்குப் பரிசு கொடுத்தது. ஜன்னல் கண்ணாடியைக் கழுவினால் வெளிச்சம் நன்றாக வரும் என்று சொன்ன தொழிலாளிக்கு 2 டாலர். அதற்கும் முன்னால், 1880-ல், ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் டென்னி கப்பல் கட்டும் தளத்தில் தொழிலாளர் கண்டுபிடிப்புகளுக்குப் பரிசு தர ஒரு குழுவே இருந்தது. அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

மனிதவளத்திலிருந்து

பரிசு கொடுக்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சேமிப்பில் இத்தனை சதவீதம் என்று வைத்துப் பார்த்தோம், எங்களுக்கு அது சண்டையில் முடிந்தது. யார் முதலில் சொன்னது, பக்கத்து லைன்காரர் கொடுத்த யோசனைதானே, சேமிப்பைக் கணக்குப் போட்டது யார் என்று ஒரே தகராறு. ஒருவர் தன் யோசனையை இன்னொருவரிடம் சொல்லவே பயந்தார். சின்ன யோசனைகள் நின்றுபோயின, அவற்றுக்குக் கணக்கே வராதே. இப்போது செய்து முடித்த ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவில் சிறிய தொகை, பெயரோடு. அவ்வளவுதான்.

சங்கத்துப்பழையவன்

நேர்கணக்கு சொல்வதில் பாதி சரி. லாபம் பங்கிட வேண்டும். ஆனால் ஒருவருக்கு இல்லை, எல்லோருக்கும்.

ஜோசப் ஸ்கேன்லன் என்று அமெரிக்காவில் ஒரு தொழிற்சங்கக்காரர். எஃகு ஆலைத் தொழிலாளி, உள்ளூர்ச் சங்கத் தலைவர். 1930-களின் பொருளாதார மந்தத்தில் ஆலை மூடும் நிலைக்கு வந்தபோது, தொழிலாளர்களும் நிர்வாகமும் சேர்ந்து உட்கார்ந்து எங்கே வீணாகிறது என்று பேசும் குழுக்களை அமைத்தார். பிற்பாடு அதிலிருந்துதான் ஸ்கேன்லன் திட்டம் வந்தது. உழைப்புச் செலவில் மிச்சமாவதை ஆலை முழுவதும் பங்கிட்டுக்கொள்வார்கள், யோசனை சொன்னவருக்குத் தனிப் பணம் கிடையாது. அதனால் ஒருவர் யோசனைக்கு இன்னொருவர் கை கொடுப்பார். 1946-ல் அவரை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லவே அழைத்துக்கொண்டார்கள்.

ஆனால் நீங்கள் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. "இந்த வேலைக்கு மூன்று பேர் வேண்டாம், இரண்டு பேர் போதும்" என்று ஒரு தொழிலாளிக்குத் தெரியும். தெரிந்தும் சொல்ல மாட்டார். ஏன் சொல்ல வேண்டும்? மூன்றாமவர் பக்கத்தில் நிற்கும் நண்பர். நான் சங்கத்தில் இருந்தபோது நிர்வாகத்திடம் கேட்டு வாங்கிய முதல் உறுதிமொழி இதுதான்: ஆலோசனையால் மிச்சமாகும் ஆளை வேறு வேலைக்கு மாற்றலாம், வெளியே அனுப்பக் கூடாது. எழுத்தில் வாங்கினோம், அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். அந்தக் காகிதம் இல்லாமல் "மனம் திறந்து சொல்லுங்கள்" என்பது, தன் தோழன் சோற்றில் மண் அள்ளிப் போடச் சொல்வது மாதிரி. எந்த மனிதனும் அதைச் செய்யக் கூடாது.

நீலஅட்டை

நான் காண்ட்ராக்ட் தொழிலாளி. எங்கள் இடத்தில் ஆலோசனை இப்போது கணினி வழியாக. உள்ளே நுழைய நிரந்தரப் பணியாளர் எண் வேண்டும். எனக்கு அது இல்லை. அந்த இயந்திரத்தில் மூன்று வருடமாக நிற்பவன் நான்தான்.

பேக்கிங்லைன்

நீலஅட்டை, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எங்கள் 38 பேரைப் பார்த்தேன். 14 பேர் காண்ட்ராக்ட். 54 சீட்டில் அவர்கள் எழுதியது ஒன்றுகூட இல்லை. திட்டத்தின் அறிவிப்பில் "பணியாளர்கள்" என்று இருந்ததால் தங்களைச் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டார்களாம். நன்றி. இது எனக்கு உறைக்கவே இல்லை.

நிரலெழுத்து

எங்கள் துறை மென்பொருள். பெட்டி கிடையாது, கூட்டம்தான். அங்கே வேறு சிக்கல்: பேசுகிறவர்களே பேசுவார்கள். தலைவர் முதலில் தன் கருத்தைச் சொல்லிவிட்டால் மற்ற எல்லோரும் தலையாட்டுவார்கள். நாங்கள் இரண்டு விஷயம் மாற்றினோம். முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது, ஆளுக்கொரு தாளில் எழுத வேண்டும். தலைவர் கடைசியில்தான் பேசுவார். இரண்டு வருடமாக வாயைத் திறக்காத ஒருவர் எழுதிய வரியால்தான், வாரத்துக்கு ஒருமுறை இரவு முழுக்க விழித்துச் செய்த ஒரு வேலை தேவையே இல்லை என்று எங்களுக்குத் தெரிந்தது. அந்த அறிக்கையைப் படிப்பவர் வேலையை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது.

வாக்கெடுப்பு வைக்காதீர்கள் என்றும் சொல்வேன். அதிக வாக்கு வாங்கியதைச் செய்வோம் என்றால் பகல் ஷிஃப்டில் ஆள் அதிகம், அவர்கள் விஷயமே ஜெயிக்கும்.

இன்னொன்று. இன்றைக்குப் பயன்படாத யோசனையை வீசிவிடாதீர்கள். 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் 1968-ல் ஒரு பசையைக் கண்டுபிடித்தார். லேசாக ஒட்டும், உரித்தால் வந்துவிடும். எதற்குப் பயன் என்று அவருக்கே தெரியவில்லை. இருந்தாலும் நிறுவனத்துக்குள் பலரிடமும் அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். 1974-ல் ஆர்ட் ஃப்ரை என்ற சக ஊழியருக்கு, பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்த தாள்கள் கீழே விழுந்துகொண்டே இருந்ததால், அந்தப் பசை நினைவுக்கு வந்தது. 1980-ல், ஒட்டி உரிக்கும் சின்னக் குறிப்புத் தாளான போஸ்ட்-இட் கடைக்கு வந்தது. பன்னிரண்டு வருடம். நடுவில் யாராவது சில்வரை "போதும், நிறுத்து" என்று சொல்லியிருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும்.

தரச்சோதனை

கொஞ்சம் எதிர்ப்பக்கமும் பேசுகிறேன். எல்லா யோசனையும் நல்லதில்லை. எங்கள் பிரிவில் "இந்த இரண்டாவது சரிபார்ப்பு எதற்கு, முதல் ஆளே பார்த்துவிடுகிறாரே" என்று ஒருவர் சொன்னார். ஆர்வத்தில் அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். அந்தச் சரிபார்ப்பு, எப்போதோ லேபிள் மாறிப்போனதால் வைத்தது. வைத்தவர்கள் யாரும் இப்போது இல்லை. ஐந்தாம் வாரம் லேபிள் மாறியது. ஒரு லாட் முழுவதும் திரும்பி வந்தது. அதைவிடக் கொடுமை, யோசனை சொன்னவர் தலையில் பழியைப் போட்டார்கள். தவறு சோதிக்காமல் எடுத்தவர்களுடையது. இரண்டே கேள்வி கேட்டிருந்தால் போதும்: இது ஏன் முதலில் வந்தது? ஒரு லைனில், ஒரு வாரம் மட்டும் செய்து பார்த்தால் என்ன?

பேக்கிங்லைன் (மூன்று வாரம் கழித்து)

நடந்ததைச் சொல்கிறேன்.

மேலாளரிடம் பேசினேன். சின்ன மாற்றத்துக்கு நானே சரி சொல்லலாம் என்ற அதிகாரம் கிடைத்தது. ஆள் குறைப்பு கிடையாது என்ற காகிதத்துக்கு இன்னும் கையெழுத்து வரவில்லை. மேலிடத்தில் கேட்க வேண்டும் என்கிறார். அது வரும்வரை ஆள் எண்ணிக்கையைத் தொடும் யோசனையை நான் யாரிடமும் கேட்கப் போவதில்லை.

ஃபேனை முதலில் சரி செய்தோம். அப்புறம் 54 சீட்டையும் மேசையில் பரப்பி, ஷிஃப்டுக்கு இருவராக ஆறு பேரைக் கூட வைத்துக்கொண்டு படித்தோம். ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்ததைக் கழித்தால் 41. எங்களுக்குள்ளேயே முடியக்கூடியவை 22. பராமரிப்புப் பிரிவின் உதவி தேவைப்படுபவை 12. செய்ய முடியாதவை 7. பலகையில் எழுதிப் பெயர், யார் கையில் இருக்கிறது, எந்தத் தேதி என்று போட்டோம். பெயர் போட வேண்டாம் என்று இருவர் கேட்டார்கள், போடவில்லை.

அந்த ஏழுதான் கஷ்டமாக இருக்கிறது. ஒரு வருடம் காத்திருந்தவர்களிடம் போய் முடியாது என்று எப்படிச் சொல்வது?

மனிதவளத்திலிருந்து

நேரில் சொல்லுங்கள், பலகையில் மட்டும் எழுதிவிடாதீர்கள். "பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது" என்ற வாக்கியத்தைத் தொடவே தொடாதீர்கள். என்ன தடை என்று அப்படியே சொல்லுங்கள். "அந்த மேசையை நகர்த்தினால் அவசர வழி இவ்வளவு குறுகிவிடுகிறது, வாருங்கள், நின்று பார்ப்போம்" என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். எங்கள் அனுபவத்தில், அப்படி நின்று பார்த்தவர் பலமுறை அங்கேயே இன்னொரு வழி சொல்லியிருக்கிறார். தாமதத்துக்கு மன்னிப்பும் கேளுங்கள்.

இரவுப்பணி_செவிலி

பெயர் வேண்டாம் என்ற இருவரைப் பற்றி ஒரு வார்த்தை. பாதுகாப்பு விஷயத்தில் அந்த வழி எப்போதும் திறந்தே இருக்கட்டும். அமெரிக்காவில் விமானிகள் தங்கள் தவறுகளைச் சொல்ல 1976-லிருந்து ஒரு ஏற்பாடு இருக்கிறது. விமானத்துறையை ஒழுங்குபடுத்தும் அமைப்பு அதை நேரடியாக நடத்தாமல் நாசாவிடம் கொடுத்தது. அங்கே பெயரை நீக்கிவிட்டுத்தான் பதிவு செய்வார்கள். அதிலிருந்து கற்றதை எல்லோரும் படிக்கும்படி மாத இதழாகவும் போடுகிறார்கள். பெயர் மறைந்திருந்தாலும் பதில் கண்ணுக்குத் தெரிகிறது.

கிரீஸ்கை

நான் பராமரிப்புப் பிரிவு, வேறு நிறுவனம். அந்த 12-ஐப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் எங்கும் தேங்குவது எங்களிடம்தான். யோசனை சொன்னவருக்குப் பாராட்டு, சூப்பர்வைசருக்கு நல்ல பெயர், எங்களுக்குக் கூடுதல் வேலை, அதுவும் பழுது வேலைக்கு நடுவில். வாரத்தில் இரண்டு மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்கச் சொல்லி எங்கள் தலைவரிடம் கேளுங்கள். பலகையில் செய்து கொடுத்தவர் பெயரையும் போடுங்கள். யோசனை சொன்னவரைப் பக்கத்தில் நிற்க வையுங்கள், என்ன வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். காகிதத்தில் எழுதி அனுப்பினால் நாங்கள் வேறு ஒன்றைச் செய்து வைப்போம்.

பேக்கிங்லைன் (மேலும் இரண்டு மாதம் கழித்து)

கிரீஸ்கை சொன்னபடியே கேட்டேன். இரண்டு மணி நேரம் கிடைக்கவில்லை, ஒரு மணி நேரம் கிடைத்தது. 12-ல் ஐந்து முடிந்திருக்கிறது.

முதலில் எடுத்தது லைன் 2. நம் ஆளும் பராமரிப்புக்காரரும் லைன் நின்றிருந்த நேரத்தில் கம்பிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்தப் பழைய பிளாஸ்டிக் பட்டையைத் தரையில் வைத்து அளந்தார்கள். நேராக இருக்க வேண்டும் என்றார் பராமரிப்புக்காரர். இல்லை, முனை கொஞ்சம் வெளிப்பக்கம் வளைய வேண்டும், மடல் மேலே ஏறும் இடம் அது என்று இவர் விரலால் காட்டினார். ஒன்றரை வருடம் பார்த்த கண் அல்லவா. வளைத்தே செய்தார்கள், எஃகுத் தகட்டில். திருகாணியை முடுக்க அவர் கையிலேயே கொடுத்தார்கள். அந்த வாரம் மூன்று ஷிஃப்டிலும் சேர்த்து லைன் மடலால் நின்றது ஒரே ஒரு முறை.

காண்ட்ராக்ட் ஆட்களிடமிருந்து இதுவரை ஆறு யோசனை வந்திருக்கிறது. மூன்று உடனே செய்தோம். ஆள் குறைப்பு பற்றிய காகிதம் இன்னும் வரவில்லை. மாதாமாதம் கேட்டுக்கொண்டிருக்கிறேன், கேட்பேன்.

லைன் 1-க்கும் அதே தகடு வேண்டும் என்று நேற்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். அளவு எடுக்க அவரையே அனுப்பியிருக்கிறேன்.

கிரீஸ்கை

லைன் 1-க்குப் போடும்போது எஃகுக்குப் பதில் நைலான் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எஃகு விளிம்பு நாளாக ஆக அட்டையைக் கீறும். லைன் 2-ல் இப்போதே பெட்டியின் பக்கவாட்டில் மெல்லிய கோடு விழுகிறதா என்று பாருங்கள்.

பேக்கிங்லைன்

போய்ப் பார்த்தேன், விழுகிறது. அவரிடம் சொன்னேன். ஒரு ஷிஃப்டுக்கு இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம் என்கிறார். செவ்வாய்க்கிழமை செய்கிறோம்.